நல்ல நேரத்துல வெச்ச வெல்டிங்

மணி என்னாச்சு அம்மணி? பதினொண்ணரை தாண்டலையே? அப்படின்னா சரி. பன்னெண்டுக்குள்ள நான் ஆலாம்பாளையம் பிரிவுல எறங்கீரோணும். இன்னைக்குப் புதன்கெழம பாரு, பன்னெண்டு அடிச்சா ராகு காலம். கணபதியில ஏறுறப்பவே கண்டக்டர்கிட்டக் கேட்டேன், "ஏனுங், பன்னெண்டுக்கு முன்னால கொண்டுபோயி விட்ருவீங்களா"ன்னு. நான் என்னமோ அவன்ற சொத்துல பங்கு கேட்டாப்பல மொறைக்கறான். "மேம்பாலத்துக்கு ரோட்டத் தோண்டிப் போட்ருக்காங்க, நான் என்ன பறந்தா போறது"ங்கறான். ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதிலு சொல்ல ஆளில்ல இந்தக் காலத்துல.

இந்தப் பையச் சித்த உன்ற மடியில வெச்சுக்கறயா? பத்திரிக்க இருக்குது, கீழ வெச்சா மடங்கிப்போயிரும். ஆமா, என்ற பொண்ணுக்குத்தான் கல்யாணம். பூவிழின்னு பேரு. வர்ற தையில வெச்சிருக்குது. மாப்ள ஊரு கோபி. மொதப் பத்திரிக்க கொலதெய்வத்துக்கு வெச்சாச்சு. அடுத்தது என்ற தம்பிக்கு, கொழந்தவேலுக்கு. தாய்மாமனில்ல? அவன் மால போட்டுக் கையப் புடிச்சுக் கூட்டியாந்தாத்தான பொண்ணு மணவறையில உக்கார முடியும்? அவன் வராம கல்யாணம் நடந்தா ஊரு என்ன பேசும்? ஊர விடு, என்ற பொண்ணே சொல்லிப்போட்டா, "மாமன் வராட்டி நான் மணவறை ஏறமாட்டேன்"னு. சொன்னாச் செய்யற கழுத அவ. அதான் நானே கெளம்பிட்டேன்.

எங்கூட்டுப் பக்கம் அவன் எட்டிப் பாத்து நாலு மாசமாச்சு. சண்ட. சொத்துச் சண்டையான்னு கேக்காத. சொத்துக்கு அடிச்சுக்கிட்டாக் கூட அதுல ஒரு கௌரவம் இருக்கும். இது வெல்டிங் சண்ட. சிரிக்காத அம்மணி, நெசமாத்தான் சொல்றேன். ஊரு ஒலகத்துல வெல்டிங் வெச்சா ரெண்டு ஒண்ணாகும். எங்கூட்டுல வெல்டிங் வெச்சு, ஒண்ணாக் கெடந்த மாமனும் மச்சானும் ரெண்டாப் போயிட்டாங்க.

எங்கூட்டுக்காரரு கிரில் பட்டறை வெச்சிருக்காரு. நாச்சிமுத்துன்னு கேட்டா கணபதியில சொல்லுவாங்க. கேட்டு, ஜன்னலுக் கிரில்லு, மாடிப்படிக் கைப்புடி. எல்லாம் கரண்ட் வெல்டிங். குச்சிய ஹோல்டர்ல மாட்டி இரும்புல ஒரு தட்டுத் தட்டுனாருன்னா பொறி பறக்கும், பொக கெளம்பும், பக்கத்தூட்டு நாயி ஓடிரும். என்ற தம்பிக்குப் பால் டேங்க் செய்யற கம்பெனியில வேல. அவன் ஆர்கான் வெல்டிங், ஆர்கான்னு ஒரு கேஸ ஊதிட்டே ஒட்டறது. ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில மெல்லுசா ஒரு கம்பி, நர்ஸு கொழந்தைக்கு ஊசி போடறாப்பல அப்படியே மெதுவா நகத்திட்டுப் போவான். சத்தமும் கெடையாது, பொகையும் கெடையாது. வெச்ச எடம் சடை பின்னுனாப்பல வரிவரியா இருக்கும். அத இவரு "பியூட்டி பார்லர் வெல்டிங்"கறாரு. அவன் இவரத "காம்பவுண்டுக் கேட்டு வெல்டிங்"கறான். இப்படியே எகத்தாளம் பேசிட்டு ஒரே தட்டுல திம்பாங்க ரெண்டு பேரும்.

எல்லாம் என்ற பொண்ணு குள்ளமாப் பொறந்ததுல வந்த வென. என்னாட்டமே கட்ட. ஆனா ஸ்கூட்டர் வேண்டாங்கறா, பைக்குத்தான் ஓட்டுவாளாம். கடையில இருக்கற பைக்குல உக்காந்தா காலு தரையில எட்டல. தம்பி பாத்தான். "அழாத கண்ணு, சீட்டு தணிவா உனக்குன்னே ஒரு பைக்கு நான் செஞ்சு தர்றேன், உன்ற கல்யாணத்துக்கு மாமன் சீரு அதுதான்"னு சொல்லிப்போட்டான். சொன்னவன் மனசு நல்ல மனசு, அதக் கொற சொல்லல. ஆனா எங்கூட்டுக்காரருக்குப் பொறுக்கல. "பெத்தவன் நானிருக்க, என்ற புள்ளைக்கு வண்டி செய்யறதுக்கு இவன் ஆரு?"ன்னு எந்திரிச்சுட்டாரு. கடேசில ரெண்டு பேரும் சேந்து செய்யறதுன்னு முடிவாச்சு. எங்கூட்டு வாசல்லதான். இவரோட பழைய பைக்கு ஒண்ணு வருசக் கணக்கா சாக்கப் போத்திட்டுக் கெடந்துது. அதுல இஞ்சினும் சக்கரமும் எடுத்துக்கறது, கூடு மட்டும் புதுசாச் செய்யறது. அதான் அம்மணி, இஞ்சின், சீட்டு, சக்கரம் எல்லாத்தையும் தாங்கற இரும்புக் கொழாய்க் கூடு. ஃபிரேம்ங்கறாங்க.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இதுக்கு ஒத்துக்குவாங்களான்னு நான் ஒரு வார்த்த கேட்டேன். ரெண்டு பேரும் என்னைப் பாத்த பார்வை இருக்குதே, நான் என்னமோ சாவு வீட்டுல பந்தி எப்பன்னு கேட்டாப்பல. "அத அப்பறம் பாத்துக்கலாம்"னாங்க. லேஅவுட்டுக்குள்ள ஓட்டறதுக்கு ஆபீஸெல்லாம் எதுக்குன்னு விட்டுப்போட்டேன்.

அப்பறம் ஆரம்பிச்சுது பாரு பஞ்சாயத்து. எந்த வெல்டிங் வெக்கறதுன்னு. சோத்துல கைய வெச்சுட்டே பேசுவாங்க, சோறு காஞ்சு போகும். கேஸ் வெச்சுச் சூடு பண்ணிப் பித்தளைய உருக்கி ஊத்தி ஒட்டலாம், பழைய சைக்கிளெல்லாம் அப்படித்தான்னு இவரு ஒரு நாளு சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஆடி மாசம், புதுசா சிலிண்டர் எதும் ஊட்டுக்குள்ள வரக்கூடாது. தம்பியோட ஆர்கான் சிலிண்டரு பழசு, அது பரவாயில்ல. சி.ஓ.டூ. வெல்டிங்னு ஒண்ணு இருக்குது, மிஷின்ல கம்பி தானா வரும், சீக்கிரம் முடிஞ்சிரும்னு தம்பி சொன்னான். "எதுக்கு, சோடாக் கடையா வெக்கப் போறோம்"னு இவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. கடேசில இடது பக்கம் இவரு கரண்டுல வெக்கறது, வலது பக்கம் அவன் ஆர்கான்ல வெக்கறதுன்னு பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. அண்ணன் தம்பி காட்டப் பிரிக்கறாப்பல ஒரு பைக்கப் பிரிச்ச ஆளுக இவங்களாத்தான் இருக்கும்.

மணி என்ன பாரு. அதுக்குள்ளயா? இந்த வண்டி என்ன நின்னுட்டே கெடக்குது. சரி, கேளு.

நானும் சும்மா இருக்கல. நாளு நான்தான் குறிச்சேன். தெனசரி கேலண்டர்ல நல்ல நேரம் காலையில ஒரு மணி நேரம்தான் போட்ருந்துது. தம்பி ஒரு பெரிய இரும்புப் பலகையக் கொண்டாந்து, அதுமேல கொழாயெல்லாம் அளவாப் பரப்பி, கிளாம்ப் போட்டு இறுக்கி வெச்சான். "மாமா, இப்ப புள்ளி புள்ளியா ஒட்டுவோம். நீங்க அங்க ஒண்ணு வெச்சா நான் இங்க ஒண்ணு வெக்கறேன். இடதுல கொஞ்சம், வலதுல கொஞ்சம், ஆற விட்டு ஆற விட்டு வெச்சா நேரா நிக்கும்"னான். அதிசயமா இவரும் தலையாட்டுனாரு. நான் பாத்துட்டே நின்னேன். அங்க ஒரு புள்ளி, இங்க ஒரு புள்ளி, கோழி குப்பையக் கெளர்றாப்பல. இப்படிச் செஞ்சா நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒரு பக்கமாவது முடியுமா? அரகொறையா நிக்கறப்ப ராகு வந்து உக்காந்துக்கிட்டா? என்ற பொண்ணு ஏறப்போற வண்டியில்ல?

"இந்தா, புள்ளி வெக்கறதெல்லாம் கோலத்தோட நிறுத்திக்கங்க. எடுத்த பக்கத்த நல்ல நேரத்துக்குள்ள முழுசா முடிங்க. அடுத்த பக்கத்த நாளைக்கு நல்ல நேரத்துல எடுத்துக்கலாம்"னேன்.

"அக்கா, ஒரே பக்கமா வெச்சா இழுக்குமுங்க"ன்னான் தம்பி.

"இழுத்துப் புடிச்சாத்தான்டா உறுதியா இருக்கும்"னேன். அவன் மாமன் மூஞ்சியப் பாத்தான். மாமன் வானத்தப் பாத்தாரு. அப்பறம் இவரு குச்சிய மாட்டி இடது பக்கத்த மேலருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல முடிச்சாரு. எங்கூட்டுல என்ற பேச்ச ஆரும் மீறுனதில்ல. அதச் சொல்லோணும்.

சாயங்காலம் பூச போடலாம்னு மஞ்சளும் குங்குமமும் எடுத்துட்டுப் போறேன், அந்தக் கூட்டக் கிளாம்ப் போட்டு நாலு பக்கமும் இறுக்கி வெச்சிருக்காங்க. வெலங்கு மாட்டுனாப்பல. கட்டி வெச்ச பொருளுக்கு ஆராவது பூச போடுவாங்களா? நல்ல வேளையா தம்பி டீக்குடிக்கப் போயிருந்தான். இவரக் கூப்பிட்டு அவுக்கச் சொன்னேன். "இன்னும் வேல பாக்கி இருக்குது, மயிலாத்தா"ன்னு இழுத்தாரு. நான் தட்டக் கையில வெச்சுட்டு அங்கயே நின்னேன். அவுத்தாரு. கடேசிக் கிளாம்ப எடுத்தப்ப டிங்குன்னு ஒரு சத்தம் கேட்டுது அம்மணி. கோயில் மணி அடிச்சாப்பல. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. சாமியே சரின்னு சொல்லுதுன்னு கற்பூரத்தக் காட்டுனேன்.

அடுத்த நாளு தம்பி வந்து பாக்கறான், வலது பக்கக் கொழாயி மூட்டுல உக்காரவே இல்ல, ரெண்டு வெரலு தள்ளி நிக்குது. அளவெடுக்கத் தெரியாம வெட்டிப் போட்டிருப்பான். "இது எப்படிங் மாமா ஆச்சு"ன்னு கேட்டான். இவரு ஜாக்கி எடுக்கப் போயிட்டாரு. ஜாக்கி வெச்சு நெம்பி, கயிறு போட்டு இழுத்து, எப்படியோ மூட்டுல சேத்துனாங்க. தம்பிக்கு வேர்த்து ஊத்துது. என்ற கூடப் பொறந்தவனில்ல? டேபிள் ஃபேனக் கொண்டாந்து அவன் முதுகுக்குப் பின்னால வெச்சேன். அவன் மொகமூடியத் தூக்கிப்போட்டு ஃபேன அணைச்சான். "காத்து வரக்கூடாதுங்க அக்கா, கேஸு பறந்துரும்"னான். மொகமூடிய எறக்குனான், நான் போட்டு விட்டேன். திரும்ப அணைச்சான். திரும்பப் போட்டேன். வேர்த்துக் கொட்டிட்டு இருக்கறவனப் பாத்துட்டு எப்படி அம்மணி சும்மா இருக்க முடியும்?

பாத்தா அவன் வெச்ச வெல்டிங்கு பூராத்தையும் எறும்பு அரிச்சாப்பல பொடிப்பொடி ஓட்ட. எங்கூட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "பார்லர்ல கரண்டு கட்டாயிருச்சாட்டம் இருக்குது"ன்னாரு. நானும் அன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். இவரு வெக்கறப்பவும் அதே ஃபேனுதான் ஓடுச்சு. இவருதுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு ஃபேன் காத்துக்கே தாங்காத வெல்டிங்கு, அதுக்கு ஆர்கான்னு ஒரு பேரு. இத நான் தம்பிகிட்ட சொல்லல, மனசு வருத்தப்படுவான்னு.

அவன் எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு, ஃபேனு வயரப் புடுங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, மறுபடி வெச்சான். அவ்வளவு பிடிவாதம். பெயிண்டு அடிச்சாங்க. ஊதா கலரு. பாக்கறதுக்கு நெம்ப அழகாத்தான் இருந்துது, பொய் சொல்லக்கூடாது. தணிவா சீட்டு, என்ற பொண்ணு ஏறி உக்காந்து ரெண்டு காலையும் தரையில ஊணிக்கிட்டு, சின்னப் புள்ளையாட்டம் சிரிக்கறா. தம்பி கண்ணுல தண்ணி. இவரும் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைக்கறாப்பல தொடச்சாரு. நான் சுத்திப் போட்டு, சக்கரத்துக்கு முன்னால எலுமிச்சங்கா வெச்சேன். எல்லாம் வெள்ளிக்கெழம காலையில, நல்ல நேரம் தப்பாம.

எலுமிச்சங்கா மேல முன் சக்கரம் ஏறுச்சு. பின் சக்கரமும் அதுமேலதான ஏறோணும்? அது பக்கத்துல ஒதுங்கிப் போகுது. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. என்ற பொண்ணு நேராப் போறா, வண்டி இடது பக்கம் போகுது. இவ வலது பக்கம் திருப்பறா, அது கேக்கல. லேஅவுட்டுப் புள்ளையார் கோயில வலம் சுத்தி வரச் சொல்லியிருந்தேன். அந்த எழவெடுத்த வண்டி புள்ளையார அப்பிரதட்சணமாச் சுத்துது! பாதிச் சுத்துல மணல் குமியில போயிச் சாஞ்சிருச்சு. மணிக்கட்டு பெசகிப்போச்சு. நல்ல நேரத்துல ஆரம்பிச்சதால அத்தோட தப்பிச்சா. இல்லீன்னா என்னாயிருக்குமோ.

அப்பறம் என்ன, ஆளுக்கு ஆளு. "உன்ற ஆர்கான் புடிக்கல, அதான் கோணிப்போச்சு"ங்கறாரு இவரு. "உங்க குச்சி வெல்டிங் சூட்டுலதான் மாமா கொழாயே வளஞ்சுது"ங்கறான் அவன். "கேட்டு செய்யறவர நம்பி வண்டி செஞ்சேன் பாருங்க"ங்கறான். "பால் சொம்பு ஒட்டறவனக் கூப்பிட்டேன் பாரு"ங்கறாரு. நடுவுல ஒரு தடவ இவரு, "அன்னைக்கு சாயங்காலம் மட்டும் கிளாம்ப"ன்னு ஆரம்பிச்சாரு. என்னைப் பாத்தாரு. அப்படியே நிறுத்திப் போட்டாரு. தம்பியும், "புள்ளி வெச்சிருந்தா"ன்னான். அவனும் என்னைப் பாத்தான், வாய மூடிக்கிட்டான். என்ன சொல்ல வந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஆரும் சொல்லல. பேசத் தொடங்குனா முடிக்கத் தெரியோணும். வேலையும் அப்படித்தான் செய்யறாங்க.

"மாமன் செஞ்ச வண்டியில மருமக விழுந்தான்னு ஊரு பேசட்டும், இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்"னு அழுதுட்டே போனான் தம்பி. இவரும் அவன் பேர எடுக்கறதில்ல. அந்தக் கூடு இன்னும் வாசல்லதான் கெடக்குது. அதுல நான் வத்தல் காயப் போடறேன். அதுகூடப் பாரு, இடது பக்கமா வழிஞ்சு வருது.

என்ன கேக்கற? தைக்கறப்ப ஒரு ஓரத்த மட்டும் இறுக்கித் தைச்சா துணி அந்தப் பக்கம் சுருங்கிக் கோணுமா? நீ தையல் கம்பெனிக்குப் போறயா? அப்படிச் சொல்லு. அது துணி அம்மணி, சுருங்கும். இது இரும்பு. இரும்பு எங்காவது சுருங்குமா? நல்லாக் கேட்ட போ.

மணி சொல்லு. அட கடவுளே. இன்னும் அஞ்சு நிமிசத்துல போயிருவோமா? அந்த மேம்பாலத்துக்காரன் நல்லாருப்பானா?

நேத்து என்ற பொண்ணு மாமனுக்கு ஃபோனப் போட்டு அழுதிருக்கறா. அவன் எறங்கி வந்துட்டான். "பதினொண்ணே முக்கா பஸ்ஸுக்கு ஸ்டாப்புல வந்து நிக்கறேன். அக்கா பத்திரிக்கையோட எறங்கட்டும், பழசெல்லாம் விட்டுப்போடறேன். எறங்கலைன்னா உங்கப்பா விடலைன்னு எடுத்துக்கறேன். சீருக்கு வேற ஆளப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிப்போட்டான். இவருகிட்டச் சொன்னேன். காலையில பைய எடுக்கறேன், பத்திரிக்கைக்கு மேல ஒரு கையொற. அன்னைக்குத் தம்பி கோவத்துல விட்டுட்டுப் போனது, அந்த மெல்லிசுத் தோலு கையொற. தொவச்சு, காய வெச்சு, தேங்காயெண்ண போட்டு மெதுவாக்கி வெச்சிருக்காரு மனுசன். சட்டையக் கழட்டுன எடத்துல போடற ஆளு அம்மணி! இத்தன வருசத்துல ஒரு கைக்குட்டையத் தொவச்சிருக்க மாட்டாரு. "குடுத்துரு"ன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கூறு கெட்ட ஆம்பளைங்க, இத நாலு மாசம் முன்னாலயே செஞ்சிருந்தா என்ன?

ஏன், என்னத்துக்கு நிக்குது? செக்கிங்கா? போச்சு. மணி? பன்னெண்டு தாண்டிருச்சா? உன்ற கடிகாரம் சரியா ஓடுதா? அக்கட்டால உக்காந்திருக்கறவருகிட்டக் கேளு. அவருதும் தாண்டிருச்சா.

சரி. அப்படின்னா எறங்க முடியாது. ராகு காலத்துல கல்யாணப் பத்திரிக்கையோட அந்த மண்ணுல காலு வெப்பனா நான்? நான் அன்னூரு வரைக்கும் போயி, கோயில்ல உக்காந்திருந்துட்டு, ஒண்ணரைக்கு மேல திரும்பி வர்றேன். ஒண்ணரை மணி நேரம்தான? கூடப் பொறந்தவன், நிக்க மாட்டானா?

அதோ பாரு, அவன்தான். வெள்ள வேட்டி. சவரம் பண்ணிட்டு வந்திருக்கறான் பாரு. கையில கொட எதுக்கு? எனக்குப் புடிக்கறதுக்கு. வெயில் ஆகாது எனக்கு, சின்ன வயசுலருந்தே அவனுக்குத் தெரியும். அம்மணி, கொஞ்சம் முன்னால குனிஞ்சு உக்காரு, என்னைப் பாத்தரப் போறான். "ஆருமில்லீங்க, எறங்கறதுக்கு ஆருமில்ல, போலாம் ரைட்"னு சொல்லு அந்தக் கண்டக்டர்கிட்ட. அவன் ஒவ்வொரு ஜன்னலாப் பாக்கறான். இன்னும் குனி.

அப்பாடா, வண்டிய எடுத்துட்டான்.

என்ற ஃபோனுதான் அடிக்குது. அவன்தான், வேற ஆரு. வேண்டாம், எடுக்காத, பையிலயே கெடக்கட்டும். நாலு மாசம் கழிச்சுப் பேசற மொதப் பேச்சு, அத ராகு காலத்துலயா பேசறது? அடிச்சு ஓயட்டும். ஒண்ணரைக்கு மேல நானே கூப்பிடறேன்.

நின்னுபோச்சு பாத்தயா. நீ எட்டிப் பாரு, அவன் நிக்கறானா? என்ன, கொடைய மடக்கிட்டானா? போறானா? எந்தப் பக்கம்?

அவசரக்குடுக்க. எங்கூட்டுக்காரராட்டமேதான் இவனும், சித்த நேரம் பொறுக்கத் தெரியாது. எங்கூட்டுல ஒரு நல்லது கெட்டதுக்கு நேரங்காலம் பாக்கறதுக்கு நான் ஒருத்தி இல்லீன்னா எல்லாம் என்னாயிருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு அம்மணி.